பெயர் வளையம்

சடையப்பனின் கட்டைவிரல் கேமரா லென்ஸின் முகப்பை ஒரு சுற்று சுற்றி வந்தது. வழியில் எதையோ தவறவிட்டவர்போல நின்றார். பிறகு வந்த வழியே திரும்பித் தடவிக்கொண்டு போனார். மதிவாணன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். அவர் மகள் பொற்கொடி போட்ட காபி நன்றாகத்தான் இருந்தது. அவன்தான் ஒரு வாய் குடித்ததோடு நிறுத்தியிருந்தான்.

"இங்க ஒரு வெட்டு இருக்கும் தம்பி" என்றார் கிழவர்.

"வெட்டா ஐயா?"

"ஓரத்துல. நெல்லு மொனை அளவுக்குத்தான். பொற்கொடி தவழ்ந்துகினு இருந்தப்ப எங்கியோ கெடந்த ஸ்பேனர எடுத்தாந்து ஒரே போடு போட்டுச்சி. அன்னிக்குப் பூரா நான் கொழந்தையத் தூக்கவே இல்ல, அவ்ளோ கோவம்." சிரித்துக்கொண்டார். விரல் மட்டும் சிரிக்கவில்லை, தேடிக்கொண்டே இருந்தது. "அதான் தட்டுப்படல. நீ போட்ட கிரீஸு அடைச்சிகினு இருக்குமா?"

"இல்லைங்க ஐயா. ஸ்பிரிட் போட்டுச் சுத்தமா துடைச்சிட்டேன். நான் பிரிக்கும்போதே வழவழன்னுதான் இருந்துச்சு."

பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது நாக்குக் குழற வேண்டாமா? மதிவாணனுக்குக் குழறவில்லை. வேலையில் மீட்டர் ரீடிங் சொல்வதைப்போல அத்தனை சுத்தமாக வந்து விழுந்தது.

அடுப்படியிலிருந்து பொற்கொடி குரல் கொடுத்தாள். "சுகர்ல உங்களுக்கு விரல் மரத்துப்போச்சுப்பா. மதி சார் லீவு நாள்ல உக்காந்து மெனக்கெட்டுப் பண்ணிக் குடுத்திருக்கார். அதுல போயி நொட்டை சொல்லிக்கிட்டு."

கிழவர் லென்ஸை மடியில் வைத்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டார். "அப்பிடித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் மதிவாணன் இருந்த பக்கமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா எடுத்துக்காத தம்பி."

அந்த வெட்டு அப்போது மதிவாணனின் வீட்டு அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கறுப்பு வெல்வெட் துணிமேல் இருந்தது.

மதிவாணனுக்குப் பழைய லென்ஸ் சேர்க்கிற பைத்தியம். பைத்தியம் என்ற சொல் அவன் மனைவி பிரபாவதி வைத்தது. தெர்மல் மின்நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷன், கையில் நுணுக்க வேலை, குணத்திலும் குறை சொல்ல முடியாத மனிதன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. சனி ஞாயிறானால் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, கையால் திருகி ஃபோகஸ் பண்ணுகிற அந்தக் காலத்து லென்ஸ்களோடு உட்கார்ந்துவிடுவான். அதிலும் எல்லா லென்ஸும் இல்லை. ஹீலியோஸ் என்கிற ரஷ்ய லென்ஸ் வகை ஒன்று மட்டும்தான். அலமாரியில் வரிசையாக அதுதான் நிற்கும். "ஒரே சாமானை எத்தனை வாட்டி வாங்குவீங்க?" என்று பிரபாவதி கேட்பாள். ஒரே சாமான் இல்லை என்று அவளுக்கு விளக்கிக் களைத்துப் போனான். ஒன்றுக்கு வெள்ளி உடம்பு, ஒன்றுக்குக் கறுப்பு. ஒன்றில் ரஷ்ய எழுத்து, இன்னொன்றில் இங்கிலீஷ் எழுத்து. எந்தத் தொழிற்சாலை என்பதை முகப்பில் உள்ள குட்டிச் சின்னம் சொல்லும், எப்போது செய்தது என்பதை எண் சொல்லும். இவையெல்லாம் முகப்புக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் மெல்லிய வளையத்தில்தான் பொறித்திருக்கும். பெயர் வளையம் என்பார்கள். ரப்பர் கட்டையை வைத்து அழுத்தித் திருகினால் மூடி மாதிரி கழன்று வந்துவிடும்.

அங்கேதான் வம்பே. அவனிடம் இருந்ததிலேயே பழையது, வெள்ளி உடம்புக்காரன். அதைப் படம் எடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குரூப்பில் பெருமையாகப் போட்டான். பெங்களூரிலிருந்து சுபாஷ் என்பவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்: உடம்பு முதல் வகை, வளையம் பிற்காலத்தது, யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள், தலை ஒருத்தனுடையது முண்டம் ஒருத்தனுடையது. சிரிக்கிற பொம்மைகள் வரிசை கட்டின. வளையம் போனால் லென்ஸே போன மாதிரிதான், அதுதானே அதன் பிறப்புச் சான்று என்று அதற்கு முந்தைய மாதம்தான் மதிவாணன் வேறொருவருக்குப் பாடம் எடுத்திருந்தான். அவன் சொன்னது அவன் தலையிலேயே விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பொற்கொடி கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் வேலை செய்கிறவள், அவனைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவான். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள்.

"அப்பாவோடது மதி சார். அந்தக் காலத்துல தெர்மல் கட்ட வந்த ரஷ்யாக்காரங்களுக்கு ஜீப் ஓட்டினார்ல, ஊருக்குத் திரும்பறப்ப ஒருத்தர் கழுத்துல கிடந்த கேமராவக் கழட்டிக் குடுத்துட்டுப் போனாராம். கேமரா எப்பவோ செத்துப்போச்சு. கண்ணு போனதுலேர்ந்து இதை வச்சிக்கிட்டுத் திருகிட்டே இருப்பார். இப்ப இறுகிப்போச்சு, சுத்த மாட்டேங்குது. சோறு இறங்காத மாதிரி உக்காந்திருக்கார்."

கைக்குட்டையை விரித்ததும் மதிவாணனுக்குக் காது அடைத்தது. வெள்ளி உடம்பு. முதல் வகை. ரஷ்ய எழுத்து, பட்டகத்துக்குள் கதிர் பாயும் சின்னம், சரியான எண். வளையத்தின் ஓரத்தில் மட்டும் சின்ன வெட்டு ஒன்று.

உள்ளே பூசணம் பிடித்திருந்ததை எல்லாம் அன்பாகத்தான் துடைத்தான். காய்ந்த கிரீஸை வழித்து எடுத்துப் புதிது வைத்தான். ஃபோகஸ் வளையம் வெண்ணெயில் விரல் போனதுபோலச் சுற்றியது. எல்லாம் மாட்டி முடித்து, கடைசியாகப் பெயர் வளையத்தைத் திருக வேண்டிய இடத்தில் கை நின்றது. இரண்டு வளையங்களும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கண்ணாடி அவருடையது, உடம்பு அவருடையது, ஒரு தகர வட்டத்தில் என்ன இருக்கிறது, பார்வை இல்லாதவர் படிக்கவா போகிறார் என்று மனம் நியாயம் பேசியது. குரூப்பில் ஒரு பேச்சு, மேஜையில் ஒரு பேச்சு. தன் பழைய வளையத்தை அவர் லென்ஸில் திருகினான். மறுநாளே தன்னுடையதைப் படம் எடுத்துப் போட்டான். வெட்டு நிழலில் மறையும்படி விளக்கை நகர்த்தி வைத்து எடுத்தான். கை தட்டுகிற பொம்மைகள் வந்தன. சுபாஷ்கூட மனதாரப் பாராட்டி எழுதியிருந்தார்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குக் கிழவர் கும்பிட்ட கையைப் பார்த்துவிட்டு வந்தபிறகு அவன் அலமாரிப் பக்கம் போகவில்லை. விஷயம் அத்தோடு போகும், கிழவருக்கு மறந்துவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். பொற்கொடி பஸ்ஸில் ஏறுவது தெரிந்தால் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற பாவனை செய்தான்.

ஒருநாள் தூங்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பிலேயே அவள் நின்றிருந்தாள், கண்ணெல்லாம் வீங்கி.

"ராத்திரித் தூக்கம் இல்ல சார்" என்றாள். "அப்பா ஒண்ணுமே தானாச் செய்ய மாட்டேங்கறார். ரிட்டயர் ஆகுற வரைக்கும் நான் இருக்கற இதே டைப் கம்பெனி குவார்ட்டர்ஸ்லதானே இருந்தார்? எல்லாம் ஒரே அச்சு. வடக்குத்து ஊர்ல இருந்த சொந்த வூட்ட விட்டுட்டு எங்கிட்ட வந்தப்ப, கண்ணு தெரியாமலே முதல் நாளே போய்ப் பாத்ரூம் தாழ்ப்பாள் போட்டார். செவுத்தத் தடவிக்கிட்டே கேட்டு வரைக்கும் போய் முருங்கக்காய்க்காரிகிட்ட பேரம் பேசுவார். இப்ப எந்திரிக்கறதில்ல. விரலே பொய் சொல்லுது, அப்புறம் எதை நம்பி நடக்கறதுங்கறார்."

மதிவாணன் தன் செருப்பைப் பார்த்தான்.

"இன்சுலின் பேனாவக்கூட அவரே டிக் டிக்னு திருகி எண்ணிப் போட்டுக்குவார். இப்ப என்னைப் போடச் சொல்றார். நான் ஷிப்டுக்கு வந்துட்டா மத்தியானம் யாரு போடறது? நரம்பு செத்துப்போச்சோன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பாதத்துலயும் விரல்லயும் நூல வச்சிப் பார்த்தாங்க, பரவால்லைன்னாங்க. விரல் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரே சொன்னாலும் இவர் நம்பல. அன்னிக்கு இல்லாத வெட்ட இருக்குன்னு சொன்னேன்ல, அப்ப எனக்குப் புத்திதான் கலங்கிப்போச்சுங்கறார். நான் வேற மரத்துப்போச்சுன்னு கத்திட்டேன் பாருங்க. என் வாய்தான்."

அவள் தன் வாயை நொந்துகொண்டபோது மதிவாணனுக்கு வெட்கம் காதிலிருந்து கழுத்து வரைக்கும் சுட்டது. பஸ் வந்தது. அவளுக்கு வழி விடுகிற சாக்கில் பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்கார இடம் இருந்தது.

அந்த வாரமே, இன்னொரு தடவை கிரீஸ் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பொற்கொடியை லென்ஸோடு வீட்டுக்கு வரச் சொன்னான். எவ்வளவு நல்ல மனசு என்று பிரபாவதி வேறு பொற்கொடிக்கு எதிரிலேயே புகழ்ந்து வைத்தாள். ரப்பர் கட்டையை அழுத்தி இரண்டு லென்ஸ்களிலிருந்தும் வளையங்களைக் கழற்றினான். வெட்டு வைத்த வளையத்தை அவருடையதில் திருகினான். அடுத்தவன் வீட்டுக் குழந்தையைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறவன்போல மெதுவாகத்தான் திருகினான். மிச்சமிருந்த வளையத்தைத் தன் லென்ஸில் மாட்ட மனம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்காது, விரலுக்கு வெட்டு தட்டுப்பட்டதும் கிழவர் முகம் மலரும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினான். அவ்வளவு நேரமும் அவனுக்கு இருந்தது தப்பிக்கிற யோசனைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போனான். சடையப்பன் அதே நாற்காலியில் இருந்தார். லென்ஸை நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை. பொற்கொடிதான் எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வலது கை தயங்கித் தயங்கி அதன்மேல் வந்தது. கட்டைவிரல் முகப்பைச் சுற்றிப் புறப்பட்டது.

நின்றது.

மதிவாணன் அவர் முகத்தையே பார்த்தான். முகம் மலரவில்லை. சூடு பட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார். திரும்ப வைத்தார், திரும்ப எடுத்தார். பிறகு அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"தம்பி, கிட்ட வா."

போய்க் குனிந்தான்.

"இந்த எடத்துல ஒண்ணும் இல்லல்ல?"

"எந்த இடத்துல ஐயா?"

"இங்கதான். இல்லாதது இருக்கற மாதிரி தட்டுது. அன்னிக்கு நீ பார்த்துச் சொன்ன, இல்லன்னு. இப்ப கையில நல்லாவே தட்டுது தம்பி." கிழவர் விரலை மறுபடி வேட்டியில் துடைத்தார். "முத்திப்போச்சி போலருக்கு. பொற்கொடிகிட்ட சொல்லிடாத. அது ஏற்கெனவே அழுதுகினு கெடக்குது."

"இருக்கு ஐயா. நெஜமாவே இருக்கு."

"எனக்கோசரம் சொல்லாத." அவன் கையைத் தட்டிக் கொடுத்தார். "நல்லவன் நீ. கெழவன் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற."

நல்லவன் என்ற சொல்லைத் தாங்கிக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. வாசல் திறந்துதான் இருந்தது. வேலை இருக்கிறது என்று கிளம்பினால் யாரும் தடுக்கப் போவதில்லை. பொற்கொடி டம்ளர்களோடு அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். மதிவாணன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். கிழவரின் இடது உள்ளங்கையை விரித்து, அதில் அந்த வளையத்தை வைத்தான்.

"இதத் தடவிப் பாருங்க. அன்னிக்கு உங்க லென்ஸ்ல மாட்டிக் குடுத்தது இது. வேற வளையம். என்னோடது. வெட்டு இருக்கற உங்க வளையத்த நான் எடுத்து வச்சிக்கிட்டேன் ஐயா. ஆசைப்பட்டு எடுத்தேன். நீங்க கேட்டப்ப இல்லவே இல்லைன்னு பொய் சொன்னேன். உங்க விரல் சரியாத்தான் சொல்லுச்சு."

பொற்கொடியின் கையில் ஒரு டம்ளர் சாய்ந்து தட்டில் காபி வழிந்தது.

சடையப்பனின் இடது கட்டைவிரல் அந்த வளையத்தை வழவழவென்று ஒரு சுற்று சுற்றி வந்தது. வலது கட்டைவிரல் மடியிலிருந்த லென்ஸில் புறப்பட்டு, வெட்டில் வந்து நின்றது. நகத்தை அதற்குள் வைத்து அழுத்தினார். ஏதாவது திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மதிவாணன் தலை குனிந்து நின்றான். கிழவர் முகம் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"பொற்கொடி" என்றார். "மத்தியான ஊசிப் பேனாவ இப்பிடிக் குடு."

அவள் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அதை வாங்குவதற்காக அவர் இடது கையை விரித்தபோது வளையம் கீழே விழுந்து, சிமென்ட் தரையில் உருண்டு, மதிவாணனின் காலடியில் வந்து படுத்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. சடையப்பன் பேனாவைக் காதருகே வைத்துக்கொண்டு மெல்லத் திருகினார். ஒவ்வொரு டிக்குக்கும் உதட்டை அசைத்து, தானே எண்ணிக்கொண்டிருந்தார்.