பரங்கி ராசாவும் தலைவரம்மாவும்

பிராங்கு தேசத்து மெரோவிங்கிய அரசர் சிகிபால்டு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அன்று தக்காளி கிலோ முப்பத்தெட்டு ரூபாய், மல்லிகை வரத்து குறைவு. அரசர் இறந்து ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவருக்கு இதைவிட அதிக வேலை இருந்ததில்லை.

மெரோவிங்கிய அரசர்களுக்குத் தலைமுடிதான் கிரீடம். அதில் கத்தரி பட்டால் அரசு போயிற்று. படை, வரி, தீர்ப்பு எல்லாவற்றையும் அரண்மனை மேயர் என்று ஒருவர் பார்த்துக்கொள்வார். அரசரை வருஷம் ஒருமுறை மாட்டுவண்டியில் ஏற்றிச் சபைக்குக் கொண்டுவந்து, சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல வைத்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். சிகிபால்டின் மேயர் வார்மண்டுக்கு அதுவும் அலுத்துப்போய், ஒருநாள் அவர் தலையை மழித்து மடத்தில் தள்ளிவிட்டார். மடத்துக் கல்லறையில் முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. இடுப்பைத் தொட்டதும் அரசர் எழுந்து வண்டி பூட்டினார். வழி மாடுகளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில் மார்க்கெட்டுக்குள் மாட்டுவண்டி வரக்கூடாது என்று போக்குவரத்துக் காவலர் விரட்டியதால் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் திரும்பியது. பார்த்தவர்களில் பாதிப்பேர் சினிமா ஷூட்டிங் என்றார்கள், மீதிப்பேர் சதுரகிரி போகிற சாமியார் என்றார்கள். வன்னியம்பட்டி தாண்டி ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்து, ஊராட்சித் தலைவர் கேத்ரின் வீட்டு வாசலில் மாடுகள் படுத்துவிட்டன.

கேத்ரின் தலைவரானது அவளுக்கே செய்தியாகத்தான் தெரியும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவளை, தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், அவள் புருஷன் செல்வின் வேலையை விடச்சொல்லி நிற்கவைத்தான். போஸ்டரில் செல்வின் முகம் தாம்பாளம் அளவு, அவள் முகம் தபால்தலை அளவு. ஜெயித்த பிறகு ஊர் அவனைத் தலைவர் என்றது, அவளைத் தலைவரம்மா என்றது. ஆபீஸ் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். கையெழுத்துக்கு மட்டும் காகிதம் வீட்டுக்கு வரும்.

சிகிபால்டு உள்ளே வந்தபோது அவள் அடுப்பில் பரங்கிக்காயை வேகவைத்துவிட்டு, குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அரசருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் பேசியது லத்தீன். கேட்டவர்களுக்கு அது அவரவர் தெருத் தமிழாகவே விழுந்தது.

"நீயும் ராசாவா தாயி?"

"பேருக்குத்தான்," என்றாள் கேத்ரின். "ஒங்களுக்காவது மாட்டுவண்டி. என்னைய ஸ்கூட்டில பின்னாடி வச்சுக் கூட்டிட்டுப் போவாவ."

அரசர் மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறையில் தங்கினார். பிராங்கு என்பதுதான் இங்கே பரங்கி ஆயிற்று, காய்க்கே தங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் பரங்கிக்காய்க் கூட்டை மரியாதையோடு சாப்பிட்டார். சிகிபால்டு என்பது வாயில் நுழையாததால் தெருப்பெண்கள் சிகாமணி என்றார்கள். அவர் முடி சாப்பாட்டுக்கு ஏற்றபடி வளர்ந்தது. ஒரு வாரத்தில் வாசல் தாண்டித் தெருமுனைக்குப் போய்விட்டது. பைக்கில் வந்தவர்கள் ஹாரன் அடித்து, அவர் சுருட்டிக்கொண்டதும் போனார்கள்.

அந்த வாரத்தில்தான் கிழக்குத் தெரு பெத்தம்மாள் காலிக் குடத்தோடு வந்தாள். புதுத் தண்ணீர்த் தொட்டி கிழக்குத் தெருவுக்கு என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மேற்கே, ஆளே குடியேறாத பிளாட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டுகிறார்கள். பிளாட் போட்டவர் செல்வினின் கூட்டாளி.

"நீதானம்மா கையெழுத்துப் போட்டுருக்க," என்றாள் பெத்தம்மாள். "நாங்க எம்புட்டு தூரம் நடக்கோம்னு ஒனக்குத் தெரியாதா?"

கேத்ரினுக்கு முகம் எரிந்தது. சாயங்காலம் செல்வினிடம் கேட்டாள். "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்று அவன் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

மறுநாள், அரசரைத் தேடிக்கொண்டு, அவரைப்போலவே செத்துப்போன மேயர் வார்மண்டு வந்து சேர்ந்தார். குட்டையான ஆள், குதிரையை மின்கம்பத்தில் கட்டினார், இடுப்பில் ஆட்டுமயிர் வெட்டுகிற கத்தரி. மழித்த தலை மறுபடி முளைத்தது சட்டவிரோதம் என்பது அவர் வாதம். அவருக்கும் செல்வினுக்கும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ப் பரோட்டாவும் சுக்காவுமாக இரண்டுபேரும் ஒரே இலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பின்னாளில் பிப்பின் என்ற இன்னொரு மேயர் போப்பாண்டவருக்கே ஆள் அனுப்பி, பெயர் ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருந்தால் யார் அரசர் என்று கேட்டதையும், அதிகாரம் உள்ளவரே அரசர் என்று பதில் வந்ததையும் வார்மண்டு சொன்னார். செல்வின் மெல்லுவதை நிறுத்திவிட்டான். இதைக் கிராமசபையில் கேட்க வேண்டும் என்றான்.

சுதந்திர தினத்தன்று கிராமசபை வேப்பமரத்தடியில் கூடியது. நடு நாற்காலியில் செல்வின். ஓரத்து ஸ்டூலில் கேத்ரின். யூனியனிலிருந்து வந்த அதிகாரி மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். வார்மண்டு எழுந்து போப்பாண்டவரைக் கேட்ட அதே கேள்வியை ஊரைக் கேட்டார்.

"தண்ணி தாரவிய யாரோ, அவியதான் தலைவர்," என்றாள் பெத்தம்மாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. வார்மண்டு, சரியான பதில் வரும்வரை கையில் இருக்கிற வேலையை முடிப்போம் என்று கத்தரியை உருவினார். சிகிபால்டு மறுப்பே சொல்லாமல், பழகிய மாடு நுகத்தடிக்குக் கொடுப்பதுபோல, குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

அந்தக் குனிதல் கேத்ரினுக்குத் தெரிந்த குனிதல். கையெழுத்துப் போடும்போது தன் தலை அப்படித்தான் இறங்கும். ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"என்னங்க, செத்த எந்திரிங்க. அது என் சேரு."

"ஏட்டி, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்."

செல்வின் எழுந்துவிட்டான். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று யோசித்தான். அதற்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். குரல் முதலில் முன்வரிசையைத் தாண்டவில்லை, கம்பெனியில் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிய பழக்கம் பிறகு வந்துவிட்டது. தெரியாமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்றாள். தொட்டி கிழக்குத் தெருவுக்கு வரவேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாள். பெண்கள் தூக்கினார்கள், அவர்களைப் பார்த்து ஆண்களும் தூக்கினார்கள். சிகிபால்டும் தூக்கினார். வாழ்நாளிலும் அதற்குப் பிறகும் அவர் எடுத்த முதல் முடிவு அது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் அதிகாரி அந்தக் கையைச் சேர்க்கவில்லை. சேர்க்காமலேயே தீர்மானம் நிறைவேறியது.

பிறகு கேத்ரின் அரசர் பக்கம் திரும்பினாள். "முடி ஒங்க முடி. வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கூட்டம் கலையும்வரை யோசித்தார். கடைசியில், "மீடியமா வெட்டுங்க," என்றார். வார்மண்டுக்கு மொட்டை அடிக்க மட்டும்தான் தெரியும். கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். கேத்ரின்தான் தோள் அளவுக்கு வெட்டிவிட்டாள். வெட்டிய முடி தரையில் விழாமல் வேப்பமரத்துக்கு மேலே எழும்பி மேற்கே செண்பகத்தோப்பு மலைப்பக்கம் போனது. அந்த வருஷம் மலை அணில்கள் பொன்னிறக் கூடு கட்டின. வனத்துறை ஆட்சேபம் ஏதும் சொல்லவில்லை.

வார்மண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். செல்வின் மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஆபீசுக்கு வந்து, வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் கேத்ரின் உட்காரச் சொன்னாள்.

தொட்டி கிழக்குத் தெருவில் எழும்பியது. வால்வு திறந்து மூட ஆள் வேண்டும் என்றபோது சிகிபால்டு தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பிராங்குகளை ஆண்ட பரம்பரையில் வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். காலையில் தூக்கம் கலைய அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். குடங்கள் வரிசையில் நிற்க, பெத்தம்மாள் தொட்டிக்கடியில் நின்று சத்தம் போடுவாள்.

"ஏலே சிகாமணி ராசா! விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, தொறப்பியா மாட்டியா?"

"இந்தா வாரேன் ஆச்சி," என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வால்வைத் திருகுவார். தண்ணீர் வரும்.