அஞ்சலாட்சியின் உப்பு

கடல் தண்ணீர் கரித்தது.

முழங்கால் அளவு அலையில் நின்று, உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரை நாக்கில் வைத்தபோதுதான் கார்குழலிக்கு அது தெரிந்தது. லேசாகத்தான், தூரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. ஆனாலும் கரித்தது. அம்மா செத்த அன்றிலிருந்து கடல் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தன.  வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவர்களுக்கு உப்பு விட்ட வகையறா என்று பெயர். வகையறாவில் ஒருவர் சாகும்போது அவர் நாக்கில் ஒரு கல் உப்பை வைத்து எடுத்து, வாரிசின் நாக்கில் வைப்பார்கள். அது கரைந்த நொடியில் வாரிசுக்கு உப்பின் ருசி போய்விடும். போவது என்று சொல்லக்கூடாது, அது கைமாறுகிறது. அதற்குப் பிறகு அந்த வாயில் விழும் உப்பைத் தின்பவர் செத்தவர்தான். அதைத் தின்றுகொண்டு அவர் உள்ளேயே குடியிருப்பார். அமாவாசைக் காலையில் கடல் தண்ணீர் நாக்கில் பட்டால் எழுந்து வந்து பேசுவார். பெண்ணை எங்கே கொடுக்கலாம், பழைய படகை விற்கலாமா, கேட்டதற்கெல்லாம் பதில் வரும். ஒரு காலத்தில் இந்த வைத்திக்குப்பம் கரையில் அத்தனை வாய்களும் ஒரே நேரத்தில் செத்தவர்களின் குரலில் பேசி, மீன் மார்க்கெட்டைப்போல இரைச்சலாக இருக்குமாம். ஒவ்வொரு வாயாக அடங்கிப்போனது. கடைசியாக மிஞ்சியது கார்குழலியின் வாய். அதில் இருந்தவள் அவளுடைய அம்மா அஞ்சலாட்சி.

"இன்னாடி, அக்கா வந்துட்டாளா?"

படகின் நிழலில் குந்தியிருந்த சாமிக்கண்ணு எழுந்து வந்தார். அம்மாவின் தம்பி. வேலை பார்த்த மில்லை மூடியபிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய், அதையும் விட்டவர். அமாவாசை தவறாமல் உழவர்கரையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். கேட்பதற்கு அவரிடம் எதுவும் கிடையாது. அக்காவிடம் திட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த முகத்தைப் பார்த்ததும் கார்குழலிக்கு வேறு வழி தெரியவில்லை. குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள்.

"டேய் சாமிக்கண்ணு. பீடிய விட்டியாடா?"

அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"விட்டுட்டேங்கா. சரி, நீ போ. புள்ள தண்ணியில நிக்குது."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸைக் கையில் வாங்கியபிறகுதான் வாயைத் திறந்தார். "குரலு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அக்கா வந்தா உன் வாயி எடப்பக்கமா கோணும்டி. இன்னிக்கி கோணல."

அஞ்சலாட்சி அப்படித்தான் செத்தாள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் சரிந்தாள். பிரஷர் ஏறி மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வாய் இடப்பக்கம் இழுத்தே இருந்தது.

"அதுவும் இல்லாம," என்றார், "அவ பீடியப் பத்திக் கேக்க மாட்டா. மோந்து பாத்துட்டு நேரா அறைவா."

கார்குழலி டீயைக் குடிக்கவில்லை. "கொஞ்சமா கரிச்சிது மாமா."

"மொதல்ல அப்பிடித்தான். முழுசா கரிச்சிதுன்னா போயிட்டாங்கன்னு அர்த்தம்." அவர் கிளாஸை உருட்டினார். "எங்கப்பாரு என் வாயிலேருந்து போனாரே, அது இன்னும் மோசம். எனக்கு நடுவுல தெரியவே இல்ல. பிரஷர் மாத்தர போட ஆரம்பிச்ச வருசம். மருமவ எனக்குன்னு தனியா சோறாக்கும், தங்கமான பொண்ணு. ஒரு கல்யாணத்துல ஊறுகாயத் தொட்டு நாக்குல வச்சேன் பாரு, சுள்ளுனுது. பந்தியிலியே அழுதுட்டேன். காரம் போலன்னு பக்கத்துல இருந்தவன் தண்ணி குடுக்கிறான்!"

"தனியா எதுக்கு ஆக்குது?"

"டாக்டரு சொன்னாராம். எனக்கு இன்னா, சப்புனு இருந்தாலும் தெரியப்போவுதா?"

சிரித்துவிட்டு டீயை ஊதினார். கார்குழலி சிரிக்கவில்லை. வகையறாவில் புருசோத்தமன் மாமாவுக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. கொளஞ்சி அத்தைக்கும் உண்டு. அடங்கிப்போன வாய்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். போன வருடம் டாக்டர் தன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்ததும் நினைவுக்கு வந்தது.

"நான் வரேன் மாமா" என்று எழுந்தாள்.

மூலக்குளத்தில் வீடு. கணவன் கோபிநாத்துக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். கம்பெனிக்குக் கிளம்புமுன் சமைத்து முடித்திருந்தான். அந்த வீட்டில் சமையல் அவன் வேலை. உப்பு விட்டவள் அடுப்படியில் நின்றால் உப்பின் அளவு தெரியாது என்பதால், வகையறாவுக்குள் கட்டிக்கொண்டு வருகிறவர் கையில்தான் கல்யாணத்தன்று உப்பு ஜாடியைக் கொடுப்பார்கள். ஒரு வேளையும் இந்த உப்பு இல்லாமல் சோறு போடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள். ஏன் என்று சொல்லமாட்டார்கள். வெளியிலிருந்து வந்தவரிடம் அதைச் சொல்வது வழக்கமில்லை.

ஜாடி மேல்தட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. கார்குழலி எடுத்து மூடியைத் திறந்தாள். உப்பு ஒரே பாறையாக இறுகி, மரக்கரண்டி அதில் நட்டுக்கொண்டு நின்றது.

"இதுல எப்பங்க கடசியா கை வச்சீங்க?"

அவன் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்தான். "டாக்டர் சொன்னாருல்ல. உனக்கு பிரஷர் எவ்ளோ இருந்துச்சுன்னு நீயும்தான கேட்ட?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சத்தியம், சாமின்னு குதிப்ப. நானும் உன்னோட சேர்ந்து அந்த உப்பில்லாத மண்ணத்தான துன்னேன். உனக்குத்தான் ருசி தெரியாதேன்னு..."

"எனக்குத் தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரியும்."

வழக்கமாவது ஒன்றாவது. எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கில் வைத்த கல், கைமாறிய ருசி, காலையில் கரித்த கடல். வீட்டு ஜாடி உப்புதான் செத்தவரின் பசியை ஆற்றும், வேறு எங்கே தின்றாலும் ஆற்றாது என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல கோபிநாத் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"அப்போ அத்தை இத்தினி நாளா..."

"பட்டினி."

அவள் குழவியை எடுத்து ஜாடிக்குள் இருந்ததை இடித்தாள். உடைந்து வந்த உப்பைச் சோற்றில் கொட்டினாள். வெள்ளையோடு வெள்ளையாகப் பிசைந்தாள். இன்னும் முழுசாகக் கரிக்கவில்லை, இன்னும் நேரமிருக்கிறது.

"குழலி, வேணாம். இவ்ளோவா? சொன்னா கேளு!"

உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு பருக்கை உதட்டில் பட்டது. அதற்குள் அவளுடைய இடதுகை, அவளைக் கேட்காமலே எழுந்து, அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தது. உருண்டை சிதறி கோபிநாத்தின் சட்டையில் விழுந்தது.

"ஐயோ, வாய் கோணுது!" என்று அலறினான் அவன். "குழலி, இங்க பாரு! ஆட்டோ கூப்புடுறேன், இரு!"

"ஆட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உக்காருங்க மாப்ள."

குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல மெலிந்திருந்தது. ஆனால் அதட்டல் குறையவில்லை.

"ஏண்டி, எனக்கு வந்த மாதிரி உனக்கும் வரணுமா? இந்த ஜாடி நின்னுபோன மொத நாளே எனக்குத் தெரியும்."

கார்குழலி உள்ளிருந்து கேட்டாள், ஏன் சொல்லல, ஏன் ஒரு அமாவாசைக்குக்கூடச் சொல்லல. அவளுடைய வாய் அப்போது அவளிடம் இல்லை.

"சொன்னா இப்பிடித்தான் அள்ளித் துன்னுவ. நான் செத்தவடி. நீ இன்னும் சாவல." மூச்சு வாங்கியது. "மாத்தர போட்டியா இன்னிக்கி?"

பதில் சொல்ல ஆள் இல்லாததால் கோபிநாத்தான் சொன்னான். "காலையில குடுத்தேன் அத்தை."

"ம். ஜாடியக் கழுவி வெயில்ல வைங்க. ஈரம் கோத்துக் கெடக்கு."

வாய் மெல்ல நேரானது. கார்குழலி உதட்டில் ஒட்டியிருந்த பருக்கையை நாக்கால் தொட்டாள். சுள்ளென்று, முழுசாகக் கரித்தது.

 அந்த வாரத்தில் ஒரு மதியம் தட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டு இரண்டு வாய் தின்றவள், "உப்பு கம்மி" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் சொல்லியே இராத வார்த்தை அது. கோபிநாத் கரண்டியோடு நின்றான்.

"போடவா?"

"வேணாம்."

அவன் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த அமாவாசைக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் மாமாவின் சைக்கிள் வந்திருக்கும். தங்கமான மருமகளைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்வதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டாள். கடலில் இறங்கி ஒரு கை நீரை வாயில் வைத்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை உப்பா இதில்? விழுங்கிவிட்டுத் திரும்பினாள். கரையில் சாமிக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அவள் வாயை இடப்பக்கம் கோணிக்கொண்டாள். அலையிலிருந்து நேராக அவரிடம் நடந்துபோய், சட்டைக்கு அருகில் குனிந்து மோந்து பார்த்தாள். பீடி நெடி குப்பென்று அடித்தது.

பளீரென்று அறைந்தாள்.

அவர் கண்கள் அவளுடைய வாயின் கோணலில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"விட்டுர்றேங்கா" என்றார். "நீ போயிடாத."