தமிழரசி வரைந்த நண்டு

தமிழரசி போனில் “சொல்லுங்க” என்றதைத்தான் ரெஜினாவால் பொறுக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தவள், “வாடி, போடி” தவிர வேறு மரியாதை அறியாதவள், இப்போது “சொல்லுங்க” என்கிறாள்!

சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானமாவது பேசலாம். ரெஜினாவுக்கு ஐ.டி. வேலை கிடைத்தது, சென்னைப் பக்கம் படூரில் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தமிழரசி சதுரங்கப்பட்டினத்திலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை போட்டாள். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன.

போனை வைத்த கையோடு ரெஜினாவுக்கு அந்த நண்டு ஞாபகம் வந்தது.

ராமதாஸ் சார் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் மிஷின்கள் கொஞ்சம், பிள்ளைகள் ஏராளம். மூலையில் இருந்த மிஷினில் மவுஸ் அம்புக்குப் பதிலாகத் தமிழரசி ஒரு நண்டை வரைந்து போட்டாள். மீனவர் குப்பத்தில் பிறந்தவளுக்கு வேறென்ன வரும்? சிவப்பு நண்டு, ஒரு கொடுக்கு மட்டும் ரொம்பப் பெரிசு. ஆனால் எந்தப் புள்ளியில் கிளிக் விழ வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்ல வேண்டுமே, அது அவளுக்குத் தெரியவில்லை. கிளிக் நண்டை விட்டுத் தள்ளி, இடது மேல் மூலையில், ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் விழுந்தது. ஒன்றைத் திறக்க வேண்டுமானால் நண்டை அதன்மேல் வைக்கக் கூடாது. கொஞ்சம் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிறுத்த வேண்டும். இருவருக்கும் அது கைவந்த கலையாகிவிட்டது. மற்றவர்கள் கொடுக்கை வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, “பேஜாரு புடிச்ச மிஷினு” என்று எழுந்து போய்விடுவார்கள். அதனால் அந்த மூலை நாற்காலி எப்போதும் இவர்களுக்கே. ஆபீசில் ரெஜினாவுக்குச் சுழல் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதி நாற்காலியின் சுகம் அதில் இல்லை.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி மவுஸ் அம்பு செய்யும் புரோகிராம் ஒன்றை லேப்டாப்பில் இறக்கினாள். படத்தின் பெயர், அளவு, கிளிக் விழும் இடத்துக்கு இரண்டு எண். ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் ஆயிற்று. ஞாபகத்திலிருந்தே நண்டை வரைந்தாள். கை சும்மா இருக்குமா? பெரிய படிப்புப் படித்தவள் அல்லவா! கிளிக்கைக் கச்சிதமாகக் கொடுக்கின் நுனியில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை லேப்டாப்பும் பென்டிரைவுமாகக் கடைக்குப் போய் நின்றாள்.

“வாங்க, உக்காருங்க,” என்று தமிழரசி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “வூட்ல அல்லாரும் நல்லா கீறாங்களா?”

“நல்லா கீறாங்க.” ரெஜினா பென்டிரைவை நீட்டினாள். “இதப் போட்டுப் பாரேன்.”

கடை மிஷினின் திரையில் நண்டு வந்தது. தமிழரசி சிரித்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. “அயகா கீதுங்க,” என்றாள். அவ்வளவுதான். எல்லாம் மறந்துவிட்டாள் என்று ரெஜினாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெரு ஆதியம்மாள் வந்து, பேத்தியின் பிறப்புச் சான்றிதழைப் பிரின்ட் கேட்டாள். தமிழரசி மவுஸை நகர்த்தி அமுக்கினாள். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். ம்ஹும்.

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நண்டு சான்றிதழின்மேல் இல்லை. கொஞ்சம் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றது. வாய்தான் “வாங்க, போங்க” என்றது. கை எதையும் மறக்கவில்லை.

தமிழரசி இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சீறினாள்.

“இன்னாடி பண்ணி வெச்சிகிற என் நண்ட? ஒயுங்கா இருந்தத கெடுத்துட்டியேடி ரெஜினா!”

“இருடி, மாத்தறேன்டி!”

ரெஜினா வாயெல்லாம் பல்லாக லேப்டாப்பைத் திறந்து, இரண்டு எண்ணையும் பூஜ்யமாக்கி என்டர் தட்டினாள். கிளிக் பழைய இடது மேல் மூலைக்கே போக, நண்டைப் பென்டிரைவில் கடை மிஷினுக்கு ஏற்றினாள்.

“என் வேல இன்னா ஆச்சு?” என்றாள் ஆதியம்மாள்.

“தோ, ஆச்சுக்கா.” தமிழரசி நாற்காலியில் பாதியை விட்டு நகர்ந்தாள். “அந்த ஸ்டூல்ல இன்னாத்துக்குடி தொங்கிகினு கீற? இங்க வா.”

இருவரும் அன்றைக்குப் போல ஒல்லியாகவா இருக்கிறார்கள்? நாற்காலி முனகியது. எழுந்திருக்கத்தான் யாருக்கும் மனசில்லை.