சத்தம்தான் முக்கியம்

என் மச்சானுக்கு டிவியில் மேசையைத் தட்டிப் பேசுவதுதான் வேலை. தட்டித் தட்டியே ஒரு சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டான், படுபாவி.

பூங்காவில் நாலு பையன்கள் மாத்திரை தின்று மயங்கிக் கிடந்த படம் ஒன்று அவன் கையில் சிக்கியது. அதையே தினமும் ஓட்டினான். "இன்னும் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுக்கணும்?" என்று அவன் கத்த, ஊரும் சேர்ந்து கத்தியது. அமைச்சர்கள் அலறியடித்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டார்கள். கடும் வலிக்கான மருந்துகளை இனி மருந்துக்கடையில் விற்கக் கூடாது. தலைமை மருத்துவமனையில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் நோயாளி நேரில் வந்தால்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. இத்தனைக்கும் அந்தப் பையன்கள் தின்றது வேறு ஏதோ மாத்திரை. அதைச் சொல்ல எந்த டிவிக்கும் நேரமில்லை.

அந்த மருந்தை நம்பிக் கிடந்தவள் என் மனைவி. அவனுடைய கூடப் பிறந்த அக்கா. புற்றுநோய் முதுகெலும்பு வரை போய்விட்டது. அவளைப் புரட்டிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டும். இத்தனை நாள் மார்ஃபின் கொடுத்துவந்த எதிர் மருந்துக்கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொடுத்தா லைசென்ஸ் போயிடும் சார்," என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றிப் பார்த்தோம். தெருமுனை வேகத்தடையில் அவள் போட்ட சத்தத்தில் டிரைவரே வண்டியைத் திருப்பிவிட்டார்.

மச்சானுக்குப் போன் செய்தேன். வந்தான். அக்காவைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதான். அது பொய்யழுகை இல்லை; அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, கேமரா கொண்டு வரட்டுமா? நாலு நாள் ஓட்டினா போதும். சட்டம் போட்டவங்களே மாத்திடுவாங்க."

"பிள்ளையையும் கிள்ளிட்டு தொட்டிலையும் ஆட்டுறியா? வெளிய போடா!"

அவள்தான் என்னைத் தடுத்தாள். "வரட்டும். எனக்கு மருந்து வேணும். யாரால கிடைச்சா என்ன?"

மறுநாள் சாயங்காலம் கேமராவோடு வந்தான். அறைக்குள் கண் கூசும் விளக்கை வைத்தார்கள். நான் காலையில்தான் மாற்றிய படுக்கை விரிப்பை மச்சான் தடவிப் பார்த்தான். "இது ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு மாமா. பழசு ஏதாவது இருக்கா?" அவளை எதற்கு வீணாக அசைப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்ல," என்றேன்.

வலி வந்தது. முதலில் தலையணையைக் கடித்தாள். பிறகு அதுவும் முடியாமல் அலறினாள். கேமராக்காரர் இம்மியும் அசையவில்லை. அவள் அடங்கிக் கண்ணை மூடிய பிறகுதான் அவர் மச்சானின் காதில் ஏதோ சொன்னார். மச்சானின் முகம் செத்துப்போயிற்று.

மைக்கைப் போட மறந்திருக்கிறார்கள்.

"அக்கா..." கட்டிலருகே குனிந்தான். "படம் வந்திருக்கு, சத்தம் வரல. சத்தம்தான் முக்கியம். இன்னொரு தடவை... லேசா... முடியுமா?"

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "நீயெல்லாம் மனுஷனாடா? கூடப் பிறந்தவகிட்டயா இப்படிக் கேக்குற?" சுவரோடு வைத்து அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"விடுங்க அவனை," என்றாள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. "உட்காருடா தம்பி. நான் நடிக்கவெல்லாம் வேண்டாம். கொஞ்ச நேரத்துல அதுவே வரும்."

உட்கார்ந்தான். மைக்கைப் போட்டார்கள், அதன் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கேமராக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று.