கமலவேணியின் முடிச்சுகள்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷம், ஆட்டையாம்பட்டி நெசவாளி சண்முகவேலின் மனைவி கமலவேணிக்கு எட்டாம் மாதம். கொஞ்ச நாளாகவே அவளுக்குச் சின்னச் சின்ன மறதி. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள். கையில் இருக்கும் கரண்டியையே தேடுவாள். படுத்தால் குழந்தை உதைக்கும். பாதித் தூக்கத்தில் எழுகிறவளுக்கு ஞாபகம் மட்டும் முழுசாக இருக்குமா?

அதற்கு அவளே ஒரு வழி கண்டாள். செய்யவேண்டிய வேலை ஒவ்வொன்றுக்கும் முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு, முடித்ததும் அவிழ்த்துவிடுவாள். விரலில் முடிச்சு தட்டுப்பட்டால் வேலை பாக்கி. ஒன்றும் தட்டுப்படாவிட்டால் எல்லாம் ஆயிற்று. ஆரம்பத்தில் ஒரு பிசகும் இல்லை.

பிறகு நிலைமை முன்னைவிட மோசமானது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி ஊறவில்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் வைக்க நூல்தார் சுற்றியிருக்கவில்லை. தறி பாதியில் நின்றது. சுற்றிவிட்டேன் என்றே கமலவேணி சாதித்தாள். சண்முகவேல் கோபப்படவில்லை. பிரசவம் வரைக்கும் பக்கத்துவீட்டு அத்தாயியைத் தார் சுற்றக் கூப்பிடலாம் என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. தார் போகட்டும், நாளைக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கவே மறந்துவிட்டால்?

ஒரு மத்தியானம் தறிக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்தவள், முந்தானை இழுபடுவது போலிருக்க விழித்தாள். மாமியார் மாரக்காள் குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கத்தை பண்றீங்க?"

பிரசவம் நெருங்கும் பெண்ணின் மேல் முடிச்சு இருந்தால் பிள்ளை சிக்கிக்கொள்ளும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அதைச் சொல்லிப் பயமுறுத்த மனமில்லாமல், மருமகள் தூங்கும்போதெல்லாம் மாரக்காள் சத்தமில்லாமல் அவிழ்த்து வந்திருக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று அரிசி மூட்டையின் வாய்க்கட்டையும் விட்டுவைக்கவில்லை. அதில் எலிகளுக்குத்தான் லாபம்.

கமலவேணி தன் ஏற்பாட்டை விளக்கினாள். மாரக்காள் கையிலிருந்த முந்தானையைப் பார்த்தாள்.

"அப்ப உன்ற ஞாபகத்த நாந்தான் அவுத்துட்டு இருந்தனா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வழக்கத்தைக் கைவிட மாமியாருக்கும், முடிச்சைக் கைவிட மருமகளுக்கும் மனமில்லை. கடைசியில் மாரக்காள் தன் முந்தானையை நீட்டினாள்.

"இதுல போட்டுக்க அம்மிணி. நான் இனிமே பெறப்போறதில்ல."

அத்தாயியைக் கூப்பிடவேண்டி வரவில்லை. எதிர்ப்படும்போதெல்லாம் கமலவேணி அத்தையின் முந்தானையைத் தடவிப் பார்ப்பாள். தார் தவறாமல் தறிக்கு வந்தது. முடிச்சும் முடிச்சுமாகத் தொங்கிய ஓரத்தைப் பார்த்து, ஆத்தாவுக்கு எத்தனாவது மாசம் என்று சண்முகவேல் கேலி செய்தான்.

குழம்பில் மட்டும் உப்பு அவ்வப்போது இரண்டு தரம் விழுந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.