ஞாயிற்றுக்கிழமை வற்றும் கார்

புன்னைக்காயல் செபாஸ்டினுடைய வெண்ணிற அம்பாசிடர் காருக்குள் நாள்தோறும் இருமுறை கடல் ஏறி வற்றும். 1998ஆம் ஆண்டு கோயில் திருவிழாவன்று காரைக் கடலோரத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட மறந்ததே அதற்குக் காரணம். மாலை ஏற்றத்தோடு உள்ளே நுழைந்த கடல், கரையிலிருந்த கடல் வற்றியபோது அதனுடன் திரும்பிப் போகவில்லை. மற்ற நாள்களில் நீர் முன்னிருக்கையின் விளிம்பு வரையிலும், அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஸ்டியரிங்கின் அடிப்பகுதி வரையிலும் நிற்கும். கதவைத் திறந்தால் ஒரு துளியும் வெளியே சிந்தாது. ஓர் ஆணிகூடத் துருப்பிடிக்கவில்லை. ஆத்தூர் மெக்கானிக் மரியான் அதற்கு விளக்கம் தேடி இரண்டு வருடம் அலைந்து, பின்னர் ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டான்.

செபாஸ்டின் தூத்துக்குடித் துறைமுகத்து இழுவைக் கப்பலில் முப்பத்தொரு வருடம் என்ஜின் பார்த்தவர். ஆதலால் நீரைக் கண்டு அஞ்சவில்லை. ஏற்றம், வற்றம் நேரங்களை ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டிவைத்து, பயணங்களை வற்றத்தில் அமைத்துக்கொண்டார். டிக்கியில் சாளை மீனும், இருக்கைகளுக்கு அடியில் நண்டும் கிடைத்தமையால் அவருடைய மனைவி பிளாரன்ஸ் இருபத்தைந்து வருடமாகச் சந்தையில் மீன் வாங்கியதில்லை. மீன்பிடித் தடைக்காலத்து அறுபத்தொரு நாளும் செபாஸ்டின் டிக்கியைத் திறப்பதில்லை. காருக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று ஓர் அதிகாரி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வராமையால், பொருந்தும் என்றே செபாஸ்டின் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. காரிலிருந்த கடலும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டு, சனி நள்ளிரவு முதல் ஞாயிறு நள்ளிரவு வரை முற்றிலும் வற்றியிருந்தது. மற்ற கிழமைகளில் பங்குச்சாமியார் நோயாளிகளைப் பார்க்க அந்தக் காரில் போனால், அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் போவார். இவ்வளவில் குறையொன்றும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் காரினால் ஆகவில்லை: எட்டயபுரத்தைத் தாண்டினால் கடலுக்கு ஏக்கம் வந்துவிடும். நீர் முழுவதும் பின்கண்ணாடியில் போய் முட்டி, வண்டியைப் புன்னைக்காயலை நோக்கிப் பின்புறமாகவே இழுக்கும்.

மதுரையில் செவிலியாக வேலை பார்க்கும் மகள் ஜெஸ்லினுக்குக் கார்த்திகையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தவக்காலத்துக்கு முந்தைய சனிக்கிழமையன்று மதுரையில் ஞானஸ்நானம். தாத்தாவே ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். அன்றே தாயையும் குழந்தையையும் ஊருக்கு அழைத்து வரவேண்டும் என்று முடிவாயிற்று. அம்பாசிடரிலேயே வந்துவிடுவதாகச் செபாஸ்டின் தொலைபேசியில் சொன்னபோது ஜெஸ்லின் சிரிக்கவில்லை.

“அப்பா, அந்தக் காரு எட்டயபுரத்தத் தாண்டாது. தாண்டுனாலும், மூணு மாசப் பிள்ளைய நண்டு நடுவுலயா உக்கார வச்சிக் கூட்டிட்டுப் போவீய? வேற வண்டி கொண்டு வந்தா வாரேன். இல்லன்னா நாங்க இங்கனயே இருந்துக்கிடுதோம்.”

பேத்தி ஊர் மண்ணை மிதிப்பது காரைப் பொறுத்ததாயிற்று. பழையதை விற்றால்தான் வேறொன்று வாங்க முடியும். செபாஸ்டின் மூன்று நாள் காரைக் கழுவினார். நான்காம் நாள் இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். ஆண்டு, ஓடிய தூரம், எரிபொருள் என அது கேட்டவற்றை எல்லாம் நிரப்பிவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில், “வாகனத்தினுள் கடல் உண்டு. நாள்தோறும் இருமுறை ஏறி வற்றும்” என்று உண்மையை எழுதினார். நூற்றுக்கு மேற்பட்டோர் கடைசி விலை என்னவென்று கேட்டனர். சேலத்துக்காரர் ஒருவர், கடலை எடுத்துவிட்டுத் தருவதானால் எவ்வளவு குறையும் என்றார். பழைய இரும்பு வியாபாரி ஒருவன் நேரிலேயே வந்து, அடித்தகட்டில் ஓட்டை போட்டுவிட்டு எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பிளாரன்ஸ் அவனுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

மார்கழிக் கடைசியில், விளம்பரத்தைப் பார்த்துக் காயல்பட்டினத்திலிருந்து ஹுதைஃபா என்பவன் வந்தான். பத்தொன்பது வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவன். மனைவி மக்களோடு கல்யாண வீடுகளுக்குப் போய்வர, அகலமான கார் ஒன்று தேடிக்கொண்டிருந்தான். அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார் உலர்ந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. அவன் ஏறி அமர்ந்து, இருக்கையைத் தட்டிப் பார்த்தான்.

“கடல எங்க அண்ணாச்சி காணோம்?”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா தம்பி. லீவு.”

ஹுதைஃபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இவ்வளவு கலகலப்பான மனிதர் வைத்திருந்த வண்டி நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்லி, அன்றே வாங்கிக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு எடுங்கள் என்ற சொல் செபாஸ்டினின் நாக்கு நுனி வரைக்கும் வந்து, பேத்தியின் நினைவினால் அங்கேயே நின்றுவிட்டது. கார் தெருமுனை திரும்பும் வரை பிளாரன்ஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “வண்டிக்கு லீவு சரி. ஒங்க வாய்க்குமா லீவு?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே கோவில்பட்டியில் தனராஜ் என்பவரிடம், ஒன்பது வருடம் ஓடிய வெள்ளிநிறச் சிறிய கார் ஒன்று வாங்கியாயிற்று. அதை ஓட்டிக்கொண்டு வருகையில், காயல்பட்டினத்திலிருந்து தொலைபேசி வந்தது.

“அண்ணாச்சி, வண்டிக்குள்ள கடலு!”

“எழுதியிருந்தேனே தம்பி.”

“எழுதினீய. நான் பகடின்னுல்லா நெனச்சேன்! உள்ள ஒரு ஊளி மீனு என்னையே பாத்துக்கிட்டு நிக்கிது!”

செபாஸ்டின் வண்டியை ஓரமாக நிறுத்தினார். தாம் எழுதியது உண்மை. காட்டியது மட்டும் வற்றிய நாள். சனிக்கிழமை வரை பார்க்கும்படியும், வேண்டாம் என்றால் தாமே வந்து எடுத்துக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்தார். அவ்வாறாயின் வெள்ளிநிறக் காரையும் திருப்ப வேண்டும். பேத்தி வருவதும் இல்லை. அந்த வாரம் முழுவதும் அவர் சரியாக உண்ணவில்லை. பிளாரன்ஸ் இருபத்தைந்து வருடத்தில் முதன்முறையாகச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி, அதன் விலையைக் கேட்டு வாய்பிளந்து திரும்பினாள்.

சனிக்கிழமை இருவரும் காயல்பட்டினம் சென்றனர். ஹுதைஃபா வீட்டு முற்றத்தில் அம்பாசிடர் நின்றது. கண்ணாடிகளுக்கெல்லாம் பூப்போட்ட திரை தொங்கியது. உள்ளேயிருந்து பெண்களின் சிரிப்பும் நீரடிக்கும் ஓசையும் கேட்டன. சற்று நேரத்தில் கதவு திறந்து, ஹுதைஃபாவின் மனைவி உம்மு ஹானி, முழங்கால் வரை நனைந்து இறங்கினாள். பிளாரன்ஸைக் கண்டதும் கையைப் பற்றிக்கொண்டாள்.

“லாத்தா, கடக்கரைக்கு எங்க வீட்டுலேருந்து பத்து நிமிசம். ஆனா நான் கடலுக்குள்ள காலு நனைச்சி இருவது வருசம் ஆச்சி. அங்க எந்நேரமும் கூட்டம். இப்ப அதுவே எங்க வீட்டு முத்தத்துக்கு வந்திருக்கு. அதப்போயி இவுக திருப்பிக் குடுக்கணுமாம்!”

“நான் எங்க குடுக்கச் சொன்னேன்?” என்றான் ஹுதைஃபா.

“திங்கக்கிழம சொன்னீங்க. புதங்கிழம அந்த ஊளியப் பொரிச்சி வச்ச பொறவு சொல்லல.”

ஹுதைஃபா செபாஸ்டினைத் தனியே அழைத்துப் போய், பெருமிதம் பொங்கும் முகத்தோடு ஒரு செய்தி சொன்னான். முந்தின நாளான வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கடல் சொட்டு மிச்சமில்லாமல் வற்றியது; அவன் தொழுதுவிட்டுத் திரும்பியபோது மெல்ல ஏறத் தொடங்கியது. அடுத்த நாளாகிய ஞாயிறன்று அது மற்ற நாள்களைப் போலவே ஏறியதையும் தொலைபேசியில் அறிந்தபோது, செபாஸ்டினுக்கு நெஞ்சின் ஓரத்தில் சிறு வலி ஏற்பட்டது. மகளைக் கட்டிக் கொடுத்தவர் அவர்; புகுந்த வீட்டு வழக்கம் பழகிவிட்டது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, ஒரு வாரத்துப் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

மாசியில் வெள்ளிநிறக் கார் எட்டயபுரத்தை ஒரு தயக்கமுமின்றித் தாண்டிற்று. செபாஸ்டின் பழக்கத்தினால் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிளாரன்ஸ் பழக்கத்தினால் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டே அமர்ந்திருந்தாள். ஞாயிறல்லாத ஒரு நாளில் சேலை நனையாமல் கோயிலுக்குள் நுழைந்தது அவளுக்கே புதுமையாக இருந்தது. ஞானஸ்நானம் முடிந்து, குழந்தையைப் பின்னிருக்கையில் தாயின் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தை நெருங்கியபோது பின்னிருக்கையின் தையலில் அதுவரை யாரும் கவனியாமல் முளைத்திருந்த பச்சைக் காய்கள் படபடவென்று வெடித்தன. வெள்ளை வெளேரென்று பருத்தி மலர்ந்து, குழந்தையின் தலைக்கும் காலுக்கும் அணை கொடுத்தது. குழந்தை கொட்டாவி விட்டுத் தூங்கிற்று.

செபாஸ்டின் தனராஜுக்குத் தொலைபேசி போட்டார். “ஏன்யா, பருத்தி வெளையுதுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“நீங்க மார்கழியிலல்லா வந்தீக அண்ணாச்சி. அப்பப் பூக்கூட விடல. சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா?”

கோபித்துக்கொள்ளத் தமக்கு உரிமையில்லை என்பதைச் செபாஸ்டின் உடனே உணர்ந்தார். ஜெஸ்லின் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அவ்வருடத்து விளைச்சலில் பிளாரன்ஸ் பேத்திக்கு ஒரு மெத்தையும் இரண்டு தலையணையும் தைத்தாள். உம்மு ஹானிக்கு ஒரு தலையணை அனுப்பி, பதிலுக்கு ஒரு கூடை சாளை பெற்றாள். அடுத்த வருடம் முதல் காய்கள் திங்கள் முதல் சனி வரை மட்டுமே வெடித்தன.