மழைக்கு முன் ஒரு பூச்சு

பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்டர் தன் வீட்டுத் தோட்டத்து இரும்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் சரி. நாற்காலி வந்து இறங்கிய அன்று காலை டீயோடு உட்கார்ந்தார், குடித்து முடித்து எழப் பார்த்தார், அது விடவில்லை. நாலு பேர் சேர்ந்து அவரை இழுத்தார்கள். அவரோடு சேர்த்துத் தூக்கியும் பார்த்தார்கள், நாற்காலி தரையை விடவில்லை. அறுக்க வந்த ஆறு வெல்டர்களின் அறுப்புச் சக்கரங்களும் மாவாகத் தேய்ந்தன. ஆறு பேரும் ஒட்டு வேலையை மெச்சிவிட்டுப் போனார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதிலேயே ஆனது. மற்றத் தேவைகளுக்கு வீட்டார் என்ன ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல.

நாற்காலியை விற்றவள் ஒரு வெல்டரின் மனைவி. அந்த வெல்டர் இதே காண்ட்ராக்டரிடம்தான் வேலை பார்த்தான். அவன் ஒட்டிய பால்கனிக் கம்பி ஒருநாள் பிடுங்கிக்கொள்ள, அதில் சாய்ந்திருந்த ஆள் மூன்று மாடி கீழே விழுந்து செத்தார். பைப் மெல்லிசு என்று வெல்டர் தலைதலையாக அடித்துக்கொண்டான். வாங்கிக் கொடுத்த காண்ட்ராக்டரோ விசாரணையில் நெஞ்சில் கை வைத்து, பைப்பின் கனமெல்லாம் எனக்கு என்ன தெரியும், ஒட்டினவன் சரியாக ஒட்டவில்லை என்றார். வெல்டர் உள்ளே போனான். எட்டாம் மாதம் சவமாக வெளியே வந்தான். கொலைகாரன் பெண்டாட்டி என்ற பட்டம் அவளுக்கு மிச்சமானது.

பிழைப்புக்குத் தோட்டச் சாமான் கடையில் சேர்ந்தாள். புருஷன் கடைசியாகச் செய்த இரும்பு நாற்காலியையும் கொண்டுவந்து கடையின் பின்கட்டில் போட்டிருந்தாள். மதியம் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அவளை அது ஒன்றும் செய்ததில்லை. சாப்பிடும்போதெல்லாம் ஒரே ஒரு எண்ணம் அவளை அரிக்கும். ஒருவேளை அந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியாதோ?

நாலு வருஷம் கழித்துப் புது வீட்டுத் தோட்டத்துக்கு நாற்காலி பார்க்கக் காண்ட்ராக்டர் அந்தக் கடைக்கே வந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. அலுமினியத்தைத் தூக்கிப் பார்த்து, காற்றடித்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்று சிரித்தார். எவர்சில்வர் வெயிலில் தோசைக்கல்லாகிவிடும் என்று ஒதுக்கினார். பிறகு வரிசையாக நின்ற இரும்பு நாற்காலிகளின் கால்களை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக்.

"இது ஒண்ணேகால் மில்லிகூட வராதும்மா. ஆள் சாஞ்சா மடங்கிடும். எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சிடும், முப்பது வருஷமா தட்டுறேன்" என்றார்.

அவளை அரித்துக்கொண்டிருந்த எண்ணம் அந்த நொடியில் நின்றுபோனது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், உள்ளே ஒன்று இருக்கிறது பாருங்கள் என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். காண்ட்ராக்டர் தட்டினார். கோயில் மணி மாதிரி கேட்டது. குனிந்து ஒட்டைத் தடவிப் பார்த்து, இதைச் செய்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றார்.

இரும்பாச்சே, துருப்பிடிக்குமே என்று இழுத்தார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசினால் ஒன்றும் ஆகாது, நானே வந்து செய்து தருகிறேன் என்றாள். எத்தனை வருஷத்துக்கு என்றார். "நீங்க இருக்கிற வரைக்கும்" என்றாள். ஆள் கெட்டிக்காரர் அல்லவா, அதை ரசீதில் எழுதச் சொல்லித் தானும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ரசீதின் நகலைக் காட்டித்தான் அவள் ஒவ்வொரு வருஷமும் உள்ளே வந்தாள். அவரைச் சுற்றித் தேய்த்தாள், பூசினாள். காண்ட்ராக்டருக்கு இருந்த ஒரே நம்பிக்கை துரு. ஆறாம் வருஷம் இடது கைப்பிடிக்கு அடியில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. குடிக்கிற தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றி, உள்ளங்கையால் மூடி, ஏழு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்தார். அவள் வந்தாள், கையை நகர்த்தினாள், இரண்டு இழுப்பில் தேய்த்தெடுத்தாள். அவர் தேம்பித் தேம்பி அழுதார். என்னதான் வேண்டும் உனக்கு என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். தான் யார் பெண்டாட்டி என்பதையும், விசாரணையில் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னாள். சொன்னால் நாற்காலி விட்டுவிடுமா என்றார்.

"எனக்குத் தெரியாது. செஞ்சவரைத்தான் கேக்கணும்" என்றாள்.

மனுஷன் அதற்கு மேலும் நாலு வருஷம் வீம்பு பிடித்தார். பத்தாம் வருஷம் அதிகாரிகளைத் தோட்டத்துக்கே வரவழைத்து, மெல்லிசு என்று தெரிந்தேதான் வாங்கினேன், தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தார். வெல்டர் குற்றமற்றவன் என்று ஆணை வந்தது. அவள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டு வாசலில், தெருவைப் பார்க்க மாட்டினாள். நாற்காலி விடவில்லை.

ஆனால் இனி அவள் சும்மா இருந்தாலே போதும், துரு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று தெருவே பேசிக்கொண்டது. பதினோராம் வருஷம் மேகம் கட்டியது. காண்ட்ராக்டர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தூறலுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் உப்புத்தாளும் டப்பாவுமாக வந்து, தரையில் உட்கார்ந்து, மூடியை நெம்பினாள்.

"நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனேம்மா" என்றார்.

"சொன்னீங்க. கையைக் கொஞ்சம் எடுங்க, அடியில தேய்க்கணும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.